ஹிகிட்டாவின் காலில் இருந்த பந்து: நேப்பிள்ஸ், 1990

1990 உலகக் கோப்பையின் இரண்டாம் சுற்றில் கேமரூனும் கொலம்பியாவும் ஜூன் 23 அன்று நேப்பிள்ஸ் நகரின் சான் பாவ்லோ அரங்கில் மோதின. தொண்ணூறு நிமிடங்களில் கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தின் முதல் பாதியிலும் இல்லை. 106-வது நிமிடத்தில் ரோஜர் மில்லா கேமரூனுக்கு முதல் கோலை அடித்தார். அடுத்த மூன்று நிமிடங்களுக்குள் கொலம்பியாவின் கோல்கீப்பர் ரெனே ஹிகிட்டா, தன் பெனால்டி பகுதியை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து நின்று, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மில்லாவை வெட்டிக் கடக்கப் பார்த்தார். மில்லா பந்தைப் பறித்தார், ஓடினார், ஆளில்லாத கோலுக்குள் உருட்டிவிட்டார். பிறகு மூலைக் கொடிக்கம்பத்துக்கு ஓடிப்போய் ஆடினார்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் இந்தக் காட்சி தெரியும். உலகக் கோப்பைத் தவறுகளைத் தொகுக்கும் எந்த நிகழ்ச்சியிலும் இது உண்டு. ஹிகிட்டாவின் சுருட்டை முடியையும் ‘பைத்தியக்காரன்’ என்ற பட்டப்பெயரையும் சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எப்போது டிரிப்ளிங் (பந்தைக் காலில் வைத்தபடி எதிராளியைக் கடப்பது) செய்யக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான நிகழ்வு கால்பந்தில் கிடையாது. இங்கே தவறியவர் கத்துக்குட்டி இல்லை. காலால் பந்தை ஆள்வதில் அந்தக் காலத்துக் கோல்கீப்பர்களில் அவருக்கு இணை சொல்வது கடினம். திறமை குறைந்தவன் பந்தைப் பறிகொடுத்தால் திறமை போதவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். ஹிகிட்டாவின் விஷயத்தில் அப்படித் தப்பிக்க வழியில்லை. அவர் எடுத்த முடிவைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

ஹிகிட்டா ஏன் அங்கே நின்றார்?

அவர் அங்கே நின்றது கிறுக்குத்தனம் இல்லை. பயிற்சியாளர் பிரான்சிஸ்கோ மதுரானாவின் ஆட்ட முறையே அதைக் கேட்டது. கொலம்பியாவின் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே வரிசையில் முன்னேறி நிற்பார்கள். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளாமல் இடத்தைக் காப்பார்கள். குறுகிய பாஸ்களால் பந்தைப் பொறுமையாகச் சுழற்றுவார்கள். வரிசை முன்னேறினால் அதன் பின்னால் ஒரு பெரிய வெற்றிடம் உருவாகும். அதைக் காக்கும் வேலை ஹிகிட்டாவுடையது. எதிரணி அங்கே நீளமாகப் பந்தை அடித்தால் அவர் வெளியே ஓடிவந்து எடுப்பார். தன் அணியிடம் பந்து இருக்கும்போது, பின்வரிசையில் கூடுதலாக ஒரு ஆளாக நின்று பாஸ் வாங்குவார்.

இது வேலை செய்த முறை. 1989-இல் மதுரானாவின் பயிற்சியில் மெதெயின் நகரின் அத்லெட்டிகோ நாசியோனால், தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபெர்தாதோரஸ் கோப்பையை வென்றது. கொலம்பியக் கிளப் ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. பராகுவே கிளப்பான ஒலிம்பியாவுக்கு எதிரான இறுதி ஆட்டம் பெனால்டி ஷூட் அவுட் வரை போனது. ஹிகிட்டா நான்கு பெனால்டிகளைத் தடுத்தார், ஒன்றைத் தானே அடித்துக் கோலாக்கினார். இத்தாலிக்கு வந்த கொலம்பிய அணியும் அதே நம்பிக்கையோடுதான் ஆடியது. முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி இறுதி நிமிடங்களில் கோல் அடித்த பிறகும் கொலம்பியா பந்தைத் தூக்கி அடிக்கவில்லை. பாஸ் பாஸாகக் கோர்த்துப் போய், காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில் ஃப்ரெடி ரின்கோன் சமன் செய்தார். அந்த 1–1 தான் அவர்களை இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுவந்தது. நான்கு நாள் முன்பு தங்களைக் காப்பாற்றிய வழியை நேப்பிள்ஸில் அவர்கள் கைவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அப்போதைய விதி ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990-இல் சக வீரர் காலால் பின்னுக்குத் தரும் பாஸைக் கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். பெனால்டி பகுதிக்குள் நின்றிருந்தால் ஹிகிட்டா குனிந்து பந்தை எடுத்திருப்பார். மில்லா திரும்பி நடந்திருப்பார். மற்ற கோல்கீப்பர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஹிகிட்டா அந்தப் பாதுகாப்பைத் தெரிந்தேதான் துறந்து வெளியே வந்தார். வெளியே வந்தவுடன் அவருடைய கைகளுக்கு வேலை இல்லை. பின்னால் கோல் திறந்து கிடக்கிறது. முன்னால் ஒரே ஒரு எதிராளி.

மில்லா என்ன தெரிந்து வைத்திருந்தார்?

அந்த ஒரே ஒரு எதிராளி யார் என்பது முக்கியம். மில்லாவுக்கு அப்போது வயது 38. ரீயூனியன் தீவில் ஓய்வாக ஆடிக்கொண்டிருந்தவரை கேமரூன் அதிபர் பால் பியா கேட்டுக்கொண்டதால் அணிக்குத் திரும்பியவர். முழு ஆட்டமும் ஆடும் வலு இல்லாததால் மாற்று வீரராக இறக்கினார்கள்; அன்று 54-வது நிமிடத்தில் களமிறங்கினார். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது அவர் கால்களில் இன்னும் தெம்பு இருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. கொலம்பிய அணித் தலைவர் கார்லோஸ் வால்டெர்ராமாவும் மில்லாவும் பிரான்ஸின் மோன்பெலியே கிளப்பில் ஒன்றாக ஆடியவர்கள். வால்டெர்ராமா வழியாக ஹிகிட்டாவின் ஆட்டத்தைப் பார்த்து, அவருடைய பழக்கங்களை முன்பே அறிந்திருந்ததாக மில்லா பின்னாளில் சொல்லியிருக்கிறார். இவர் பந்தை வெளியே அடித்துத் தள்ள மாட்டார், காலில் வைத்து விளையாடிக் காட்டுவார் என்று தெரிந்த ஒருவர்தான் எதிரே நின்றிருந்தார்.

அந்தச் சில நொடிகள்

பெரேயா, கொலம்பியாவின் நடுத் தடுப்பாட்டக்காரர். அவரிடமிருந்து பந்து ஹிகிட்டாவுக்கு வருகிறது. ஹிகிட்டா பெனால்டி பகுதியின் எல்லையையும் தாண்டி, கோலுக்கும் மையக் கோட்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறார். பந்து அவர் காலுக்கு அழகாக வந்து ஒட்டவில்லை. முதல் தொடுதலிலேயே சற்று நெருடல். மில்லா பந்து வந்து சேரும்வரை காத்திருக்கவில்லை, பாஸ் கிளம்பியதுமே நெருங்கத் தொடங்கிவிட்டார். ஹிகிட்டா பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு இழுத்துத் திரும்பி, மில்லாவை ஓடவிட்டுக் கடந்துவிடலாம் என்று நினைக்கிறார். அந்த இழுப்பை மில்லா எதிர்பார்த்திருந்தார். பாதத்தை நீட்டித் தட்டிவிட்டார். அதன் பிறகு நடந்தது வெறும் ஓட்டம். பின்னாலிருந்து பாய்ந்து சறுக்கித் தடுக்க முயன்ற ஹிகிட்டாவால் எட்ட முடியவில்லை.

பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டி, பந்து ஹிகிட்டாவின் காலை அடைவதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். என்ன தெரிகிறது என்று கேட்டால் எல்லோரும் ஹிகிட்டாவின் காலைத்தான் பார்ப்பார்கள். மில்லா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், எந்தப் பக்கம் சாய்ந்து வருகிறார் என்று சொல்பவன் அரிது. அந்த வயதில் அது இயல்பு. ஆனால் இந்தக் கோலின் விதி அந்த உறைந்த படத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. பந்து காலில் பட்ட பிறகு முடிவெடுக்க ஆரம்பித்தால் நேரம் போதாது. பந்து வரும் வழியிலேயே தலையைத் தூக்கிப் பார்த்து முடித்திருக்க வேண்டும்.

வேறு என்ன வழி இருந்தது? பந்தைப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே அடித்திருக்கலாம். கேமரூனுக்கு ஒரு த்ரோ கிடைத்திருக்கும். அந்த இடைவெளியில் கொலம்பியா முழுவதுமாகத் திரும்பி நின்றிருக்கும். முன்னால் நீளமாக அடித்திருக்கலாம். அல்லது வந்த பந்தை ஒரே தொடுதலில் பக்கத்தில் நின்ற சக வீரருக்குத் திருப்பியிருக்கலாம்.

கடைசியாகச் சொன்ன வழியைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் கோல்கீப்பர் வெளியே வருவதன் பொருளே அதில்தான் இருக்கிறது. எதிரணியின் கோல்கீப்பர் தன் கோலில் நிற்கிறார். நம் கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டார். ஆகவே களத்தில் நம் பக்கம் பதினொரு பேர், அவர்கள் பக்கம் பத்துப் பேர். எங்கோ ஒருவர் தனியாக நிற்கிறார் என்பது உறுதி. பந்து ஹிகிட்டாவிடம் வரும் வரை அந்தத் தனி ஆள் ஹிகிட்டாதான். மில்லா அவரை நோக்கி ஓடிவந்த கணத்தில் அது மாறிவிட்டது. மில்லா யாரை விட்டுவிட்டு வந்தாரோ அவர் இப்போது தனி ஆள். பந்து போக வேண்டிய இடம் அதுதான். அதை விட்டுவிட்டு மில்லாவோடு ஒற்றைக்கு ஒற்றை மோதும் முடிவை ஹிகிட்டா எடுத்தபோது, வெளியே வந்து சம்பாதித்த ஒரு ஆள் சாதகத்தைத் தானே ரத்து செய்துவிட்டார். வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது என்ன? தன் பாதிக்குள் இன்னும் சில மீட்டர் முன்னேற்றம். அதை ஒரு பாஸே தந்திருக்கும்.

டிரிப்ளிங் தேவைப்படுவது, ஆள் எண்ணிக்கையில் சாதகம் இல்லாதபோது. இருவருக்கு இருவர், ஒருவருக்கு ஒருவர் என்று எல்லா வழியும் அடைபட்டிருக்கும்போது யாராவது ஒருவர் தன் எதிராளியைக் கடந்தால்தான் பூட்டு திறக்கும். சாதகம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது செய்யும் டிரிப்ளிங் அந்தச் சாதகத்தைப் பணயம் வைக்கிறது. நேப்பிள்ஸில் நடந்தது இதுவே.

அதே ஆட்டத்தில் சரியான டிரிப்ளிங்

மில்லாவின் முதல் கோலை யாரும் ஹிகிட்டாவின் தவறோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். அதுவும் டிரிப்ளிங்தான். இடப்பக்கத்தில் பந்தை வாங்கிய மில்லா, தடுக்க வந்தவர்களை வேகத்தால் கடந்து பெனால்டி பகுதிக்குள் நுழைந்து இடது காலால் உயரமாக அடித்தார். அவர் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பந்து கொலம்பியத் தடுப்பாட்டக்காரர் ஒருவரிடம், கேமரூன் கோலிலிருந்து மிகத் தொலைவில் இருந்திருக்கும். மில்லாவுக்குப் பின்னால் கேமரூன் அணி கிட்டத்தட்ட முழுதும் நின்றது. வென்றால் உலகக் கோப்பைக் காலிறுதி, தோற்றால் ஒரு சாதாரணப் பந்து இழப்பு. ஹிகிட்டாவின் கணக்கு இதற்கு நேர்த் தலைகீழ். ஒரே மைதானத்தில், சில நிமிட இடைவெளியில், ஒரே ஆள் சம்பந்தப்பட்ட இரண்டு டிரிப்ளிங்குகள் இவ்வளவு எதிரெதிராக அமைந்தது அபூர்வம். பயிற்சியாளர்கள் இவ்விரண்டு கோல்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

மறுநாள், ஜூன் 24, டூரின் நகரில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஆடின. ஆட்டம் முழுக்கப் பிரேசிலின் கையில் இருந்தது. 81-வது நிமிடத்தில் மரடோனா மையவட்டத்தின் பக்கத்திலிருந்து பந்தோடு கிளம்பினார். ஒருவரைக் கடந்தார், இன்னும் பலர் அவரைச் சூழ்ந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துக்கு எதிராக இப்படித்தான் கிளம்பி, எல்லோரையும் தாண்டி, கோலும் அடித்தவர். இம்முறை அடிக்கவில்லை. தன்மேல் ஆட்கள் குவிந்ததும், தனக்குப் பழகிய இடது காலை விட்டு வலது காலால் பந்தை நழுவவிட்டார்; சக வீரர் கனீகியா தனியாக ஓடி, பிரேசில் கோல்கீப்பர் தஃபரேலைச் சுற்றி வந்து கோலாக்கினார். 1–0. பிரேசில் வெளியேறியது.

உலகிலேயே சிறந்த டிரிப்ளிங் வீரர் தன் டிரிப்ளிங்கை எந்த அடியில் முடித்தார் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. அவர் ஆட்களைக் கடப்பதற்காக மட்டும் ஓடவில்லை, தன்னிடம் ஆட்களை இழுப்பதற்காகவும் ஓடினார். இழுத்தாயிற்று என்று தெரிந்த அடுத்த கணம் பந்து அவர் காலில் இல்லை. முந்தைய நாள் ஹிகிட்டாவும் ஓர் ஆளைத் தன்னிடம் இழுத்திருந்தார். அதன் பிறகு செய்ய வேண்டியதைத்தான் செய்யவில்லை.

நொய்யரோடு ஓர் ஒப்பீடு

ஹிகிட்டாவுக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் கோல்கீப்பர் மானுவல் நொய்யர் அதே வேலையை உலகக் கோப்பையில் செய்தார். 2014-இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் அல்ஜீரியாவுக்கு எதிராக. அதுவும் இரண்டாம் சுற்று, அதுவும் கூடுதல் நேரம் போன ஆட்டம். ஜெர்மனியின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் அல்ஜீரியா திரும்பத் திரும்பப் பந்தை அடிக்க, நொய்யர் திரும்பத் திரும்பப் பெனால்டி பகுதியை விட்டு வெளியே ஓடிவந்தார். துணிச்சலில் அவர் ஹிகிட்டாவுக்குக் குறைந்தவர் இல்லை. ஆனால் வந்த இடத்தில் என்ன செய்தார் என்று கவனியுங்கள்: சறுக்கி வெளியே தட்டினார், தலையால் முட்டினார், முதல் தொடுதலிலேயே அடித்தார். எதிராளியை வெட்டிக் கடந்து காட்ட வேண்டும் என்ற ஆசை அந்த ஆட்டத்தில் அவரிடம் தெரியவில்லை. ஜெர்மனி 2–1 என வென்று, அந்தக் கோப்பையையே கொண்டுபோனது.

அதே நொய்யர் 2018 உலகக் கோப்பையில், ஜூன் 27 அன்று ரஷ்யாவின் கசானில் தென் கொரியாவுக்கு எதிராக வேறொன்று செய்தார். காயங்களுக்கான கூடுதல் நிமிடங்களில் கொரியா 1–0 என முந்தியிருந்தது. நொய்யர் கோலை விட்டுவிட்டு எதிரணியின் பாதிக்குப் போய், இடப்பக்கத்தில் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நின்றார். பந்து பறிபோனது; கொரியர்கள் நீளமாக அடிக்க, சன் ஹியுங்-மின் ஓடிப்போய் ஆளில்லாத கோலுக்குள் தட்டினார். காட்சியாகப் பார்த்தால் ஹிகிட்டா செய்ததைவிட மோசம். ஆனால் நான் நொய்யரைக் குறை சொல்ல மாட்டேன். 96-வது நிமிடம் அது. 0–1 என்று தோற்றாலும் 0–2 என்று தோற்றாலும் ஜெர்மனி வெளியேதான். இழக்க எதுவும் மிச்சம் இல்லாத இடத்தில் எடுக்கும் துணிவுக்கு வேறு அளவுகோல்.

ஹிகிட்டாவின் கடிகாரத்தில் ஏறத்தாழ பதினோரு நிமிடங்கள் மிச்சம் இருந்தன. ஒரு கோல்தான் பின்தங்கியிருந்தார்கள். 115-வது நிமிடத்தில் பெர்னார்டோ ரெடின் கொலம்பியாவுக்காகக் கோல் அடித்தார். ஆட்டம் 2–1 என முடிந்தது. இரண்டாவது கோலுக்குப் பிறகு கேமரூன் ஆடிய விதம் வேறு, ஆகவே ரெடினின் கோல் எப்படியும் வந்திருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. கொலம்பியாவுக்கு ஒரு கோல் அடிக்கும் நேரமும் வலுவும் இருந்தன என்பது மட்டும் களத்திலேயே நிரூபணமாகிவிட்டது. ஹிகிட்டா பின்னர் இதை ஒரு வீடு அளவுக்குப் பெரிய தவறு என்றார். எவர்மீதும் பழியைத் தள்ளவில்லை. அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நெருக்கடியில் இருந்தபோது பந்தை அவரிடம் கொடுத்த பாஸும் நல்ல பாஸ் இல்லை என்பதை அவர் சொல்லாவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். எதிராளி நெருங்கும் தூரத்தில் இருக்கும்போது கடைசி ஆளிடம் பந்தைத் தருவது, அவர் செய்யப்போகும் தவறில் பாதியை முன்கூட்டியே செய்துவைப்பது.

1990-க்குப் பிறகு

இத்தாலி உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் 115 கோல்கள்தான் விழுந்தன. ஆட்டத்துக்குச் சராசரி 2.21. பந்தைப் பின்னுக்குத் தருவதும் கோல்கீப்பர் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதுமாகப் பல ஆட்டங்கள் சலிப்பூட்டின. 1992-இல் விதி மாறியது: சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பாஸைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. ஹிகிட்டா விரும்பிச் செய்த வேலை எல்லாக் கோல்கீப்பர்களுக்கும் கட்டாயமானது. 2019-இல் இன்னொரு மாற்றம் வந்தது. கோல் கிக்கை (எதிரணியால் கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கோல் முன்னிருந்து அடித்து ஆட்டத்தைத் தொடங்குவது) சக வீரர் பெனால்டி பகுதிக்குள்ளேயே வாங்கலாம். பின்னாலிருந்து பாஸ் கோர்த்து ஆட்டத்தைக் கட்டுவது இன்று பெரிய கிளப்புகளின் அன்றாடம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளி அணிகளும் அதையே செய்கின்றன. பன்னிரண்டு வயதுக் கோல்கீப்பர் தன் கோலுக்கு முன்னால் பந்தை வாங்குகிறான். எதிரே ஒருவன் பாய்ந்து வருகிறான். நேப்பிள்ஸ் இன்று ஒவ்வொரு வாரமும் சிறிய மைதானங்களில் நடக்கிறது.

அந்தப் பையன் பந்தைப் பறிகொடுத்தால் ஓரத்திலிருந்து பெரியவர்கள் கத்துகிறார்கள்: “யார் உன்னை வெட்டச் சொன்னது?” இந்தக் கத்தலை நான் வெறுக்கிறேன். அது இரண்டு கேடுகளைச் செய்கிறது. அந்தப் பையன் அடுத்த முறை பந்தையே கேட்க மாட்டான். முன்களத்தில் ஆடும் அவன் நண்பனும், எதிராளியைத் துணிந்து கடக்க வேண்டிய இடத்தில் பயந்து பின்னால் பாஸ் கொடுப்பான். எதிரணியின் பெனால்டி பகுதிக்குப் பக்கத்தில் ஒரு பையன் எத்தனை முறை பந்தை இழந்தாலும் நான் வாயே திறக்க மாட்டேன். அங்கே இழக்காமல் யாரும் கற்றதில்லை.

பின்வரிசைக்கு நான் வைக்கும் பயிற்சி எளிமையானது. கோல்கீப்பரும் மூன்று தடுப்பாட்டக்காரர்களும் ஒரு பக்கம், நெருக்குபவர்கள் மூன்று பேர் மறுபக்கம். பந்து கோல்கீப்பரை நோக்கிக் கிளம்பியதும், அது காலைத் தொடுவதற்கு முன்பே, யார் தனியாக நிற்கிறார் என்பதை அவன் உரக்கப் பெயர் சொல்லிக் கூற வேண்டும். பெயர் சொல்ல முடிந்தால் அவனுக்குப் பாஸ். பெயர் வாயில் வரவில்லை என்றால் பந்து நேராகப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே. அப்படி வெளியே அடித்ததை நான் தவறாகக் குறிப்பதில்லை. சக வீரர்கள் முகம் சுளித்தால் அவர்களைத்தான் திருத்துவேன். முதலில் எல்லாப் பந்தும் வெளியேதான் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்கள் வரத் தொடங்கும், தலை நிமிரத் தொடங்கும். நெருக்குபவர்களை நான்காக்குவது அதற்குப் பிறகுதான்.